விழுவதற்கு ஒரு மெத்தை

இன்று காலை டயகம தேயிலைத் தோட்ட மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போனால், மெத்தையைக் காணவில்லை.

மெத்தை என்றால், கொழுந்துச் சாக்குகளில் மானாப்புல் அடைத்து நானே கட்டியது. பொய்க்காலோடு உயரம் பாய்கிறவனுக்கு இங்கே வேறு ஏது?

கங்காணி அண்ணனிடம் ஓடினேன்.

"மழை விட்டதும் கொழுந்து கூடிருச்சு தம்பி. சாக்கு பத்தல, அவுத்து எடுத்துட்டோம்."

"சனிக்கிழமை பாராலிம்பிக் தெரிவுப் போட்டி அண்ணே! கால் புண்ணு ஆறி இப்பதான் திரும்பப் போறேன். இத விட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல."

"தாண்டத்தானே போற? விழுறதுக்கு எதுக்குப் பழகணும்?" அவர் உண்மையாகவே கேட்டார்.

கொட்டிக் கிடந்த ஈரப்புல்லிலேயே பாய்ந்தேன். முதுகு இன்னும் நிமிரவில்லை.

யாரிடமாவது பழைய மெத்தை இருக்கிறதா? மூட்டைப்பூச்சி இருந்தாலும் பரவாயில்லை. நான் அதில் தூங்கப் போவதில்லை, விழத்தான் போகிறேன்.