சூடு இருக்கு, சுரணை எங்கே?

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து சேர்ந்த மல்வேர்னில், எங்கள் கட்டடத்து நாலாம் மாடியில் ஸ்ரீஸ்கந்தராசா என்று ஒருவர் இருந்தார். பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ற் நாலாம் மாடியைத் தாண்டிவிடும் என்பதால் எல்லோருக்கும் அவர் சிறி. நகரத்து இத்தாலியச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டும் பதவிவரை உயர்ந்தவர்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அந்தக் கடையில் எறிய வைத்திருந்த பழைய எஸ்பிரெசோ மெசினின் கொதிகலனைத் துவாயில் சுற்றி, பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் எழும்பாத சனம் அன்றைக்கு எழும்பி இடம் கொடுத்ததாம். இரண்டு கிழவிகள் துவாயை விலக்கி, பிள்ளை தகப்பனையே உரித்து வைத்திருக்கிறது என்றும் சொன்னார்களாம்.

சிறியின் மனைவி யோகராணி. சீட்டுச் சேரச் சொன்னாலும் சேலை வாங்கச் சொன்னாலும், "எதுக்கும் இவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சிறியின் நெஞ்சு அந்தக் கொதிகலனைப் போலவே விரியும்.

மெசின் குசினி மேசையில் ஏறியது. யோகராணியின் கிரைண்டர் இறங்கிக் குளியல் தொட்டிக்குள் போனது.

கொதிகலன் கொதித்தது, அதில் குறை இல்லை. சூட்டை எங்கே வைத்து ஆள்வது என்பதுதான் சிக்கல். பழுதான மின்சாரப் பொரிசட்டி ஒன்றிலிருந்து சிறி கழற்றி வந்த சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இரண்டு பாகம்: சூட்டை உணரும் முனை ஒன்று, அதற்குக் கட்டளை போடும் குமிழ் ஒன்று. இரண்டையும் மெசினின் உச்சியிலேயே வைத்தார். நீராவி பட்டுக் குமிழ் மெழுகுதிரியாக உருகிற்று. உணரியோ ஆவியை மட்டும் உணர்ந்து, தண்ணீரை மறந்துவிட்டது. ஒரு கோப்பை பச்சைத்தண்ணீர், அடுத்த கோப்பை எரிமலை. புகைமணி அடிக்க, கட்டடமே படுத்த உடுப்போடு, சாரமும் சோட்டியுமாகப் பனிக்குள் இறங்கி நின்றது. தீயணைப்பு வண்டி ஒன்றுதான் வந்தது என்று சிறி சாதிப்பார். நான் ஐந்து கண்டேன்.

அடுத்த குமிழைப் பின்பக்கம் வைத்தார். அதைத் திருப்பக் கொதிகலனைக் கட்டிப்பிடிக்க வேண்டும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். சிறி நாள்தோறும் நாடினார், முழங்கை இரண்டும் வரிக்குதிரையாகும்வரை.

யோகராணி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்கட மெசினுக்குச் சூடு இருக்கு. சுரணைதான் இல்லை. கட்டினவரைப் போலை."

வேறொருவர் என்றால் கோபித்திருப்பார். சிறி துள்ளி எழுந்தார். "சுரணை! அதுதானப்பா பிழை! சுரணையைப் பிழையான இடத்திலை வைச்சிட்டன்!" அன்றே உணரியைக் கீழே இறக்கி, கோப்பிக்குத் தண்ணீர் புறப்படும் கழுத்தோடு கட்டினார். கோப்பி கோப்பியாக வந்தது. குமிழை முன்பக்கம், கைக்கு எட்டும் இடத்தில் பொருத்தினார்.

அங்கேதான் தமிழ்ச் சனத்தை மறந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சப்பாத்தைக் கழற்ற முந்திக் குமிழைத் திருகினார்கள். "கொஞ்சம் கூட்டுங்கோ அண்ணை." "உது கூடிப்போச்சு, குறையுங்கோ." மறுபடியும் பச்சைத்தண்ணீர், மறுபடியும் எரிமலை.

யோகராணி தீர்ப்புச் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை பிறம்ரனிலை இருந்து அண்ணை வாறார். அவர் ஒரு கோப்பை கோப்பியை மிச்சம் விடாமல் குடிச்சால் உது இருக்கட்டும். இல்லாட்டி உது குப்பைக்கு, கிரைண்டர் மேசைக்கு."

அவளுடைய அண்ணன் இராஜரட்ணம் எந்த வீட்டிலும் எதையும் முடித்துக் குடித்ததில்லை. அரைக் கோப்பையில் நிறுத்தி, மீதி அரைக்குக் குறை சொல்வது அவர் வழக்கம். பிறர் வீட்டு ரீவியின் நிறத்தை மாற்றுவார், மணிக்கூட்டைத் திருத்துவார், ஏறிய காரின் கண்ணாடியைத் திருப்புவார்.

சிறி யோசித்தார். ஞாயிறு வருமுன் இன்னொரு குமிழ் வாங்கினார்.

இராஜரட்ணம் வந்தார். ஒரு மிடறு குடித்தார். முகத்தைச் சுழித்தார்.

"சூடு காணாது மச்சான். ஆர் உங்களுக்கு உது வைக்கக் காட்டித்தந்தது?"

"நீங்களே ஒருக்கால் பாருங்கோ மச்சான். எனக்குப் பிடிபடுதில்லை."

மச்சான் எழுந்தார். முன்பக்கக் குமிழில் காதை வைத்துக் கேட்டார், ஒரு மயிரளவு திருகினார், கண்ணை மூடிக் காத்திருந்தார். புதுக் கோப்பை வந்தது. குடித்தார். அடிவரை குடித்து, விரலால் நுரையையும் வழித்தார்.

"பாத்தியளோ! எல்லாம் கைப்பக்குவம்."

"ஓம் மச்சான், நீங்கள் இல்லாட்டி இது சரிவராது" என்றார் சிறி. உண்மையான குமிழ் வடிதட்டுக்குக் கீழே, ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தது. முன்னால் இருந்தது ஒன்றுமில்லாத தகரத்தில் ஒட்டிய வெறும் குமிழ்.

மெசின் தப்பியது. இராஜரட்ணம் பிறம்ரன் போய்ச் சேர்ந்ததும் ரெலிபோன் அடித்தது. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு ஹோலுக்கு மெசினை அனுப்பட்டுமாம். குமிழைத் தானே பார்த்துக்கொள்வாராம்.

"எதுக்கும் இவரைக் கேட்டுச் சொல்லுறன் அண்ணை" என்றாள் யோகராணி. ரிசீவரைக் கையால் பொத்தினாள். பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்ற சிறியைத் தாண்டி யன்னலைப் பார்த்தாள், கொண்டையைச் சரிசெய்தாள், கையை எடுத்தாள். "இவர் ஏலாதெண்டிட்டார் அண்ணை. நான் என்ன செய்யிறது, சொன்னால் சொன்னதுதான்."

அவள் ரிசீவரை வைத்ததும் சிறி பாய்ந்தார். "என்னட்டை நீர் கேக்கவே இல்லையே!"

"அந்த முன்பக்கக் குமிழை அண்ணை திருகினவர்தானே? கோப்பி திறமாய்த்தானே வந்தது?"

"அது..."

"அதுக்குப் பின்னாலை ஒண்டும் இல்லையெண்டு எனக்குத் தெரியும். உந்த மேசையைத் துடைக்கிறது ஆர்?"

சீட்டு, சேலை, கலியாணவீடு என்று தான் சொன்னதாக ஊருக்குள் உலாவிய தீர்ப்புகளை எல்லாம் சிறி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றையாவது தான் சொன்னதாக ஞாபகம் வரவில்லை.

"ஒரு கோப்பி போடுங்கோவன்" என்றாள் யோகராணி.

போகத்தான் வேண்டும், போனார். பழக்கதோஷம், கை முதலில் முன்பக்கக் குமிழைத்தான் திருகியது.