மலையைச் சுற்றி ஒரு வளையம்

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள், திருத்தணியில் பந்தல்கால் நடப் பள்ளம் தோண்டியவர்கள் இணையக் கேபிளை அறுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் செல்போன்களும் ஊமையாகின. ஒட்ட வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. கேபிளிலிருந்து வெட்டுப்பட்டு விழுந்த கண்ணாடி இழைத் துணுக்குகளை, யார் காலிலும் குத்தாதபடி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டார்.

"மலைக்கு இந்தாண்ட எல்லாமே இந்த ஒரே கேபிள்லதாங்க ஓடுது. செல்போன் டவரும் இதுலதான். மலைய சுத்தி வளையமா போட்டா, ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமா வந்துடும்." மண்ணில் வட்டம் போட்டுக் காட்டினார்.

"ஆபீசுல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"ஆங், சொல்லிகினுதாங்க கீறேன். போன வருசமும் இங்கதான் அறுந்துச்சு. குந்தி ஒட்டிகினு இருந்தேன். லைன் வந்ததும் என் போன்ல மெசேஜ் மேல மெசேஜ். மணவூர்ல வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி. பதினோரு தபா கூப்ட்டுகீறா. நான் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சுங்க."

கடைசி இழையையும் ஒட்டி முடித்தார். சற்று நேரத்தில் தெருவெங்கும் போன்கள் ஒலித்தன. அவர் தன் போனை எடுத்து வெறுமனே பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த வட்டத்தின் மேல் காவடிக்காரர்கள் வெறுங்காலோடு நடந்து போனார்கள். யார் காலிலும் எதுவும் குத்தவில்லை.