வில்லி சேலை கட்டிய சௌந்தரம்

எங்கள் ஜவுளி வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு, வாழ்க்கையில் மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் மந்திரி, கலெக்டர், சாமியார் என்று எழுதுவார்கள். கூட நின்று எடுத்த போட்டோவையும் போடுவார்கள். அந்த மாதிரிப் போட்டோ என்னிடமும் நாலைந்து இருக்கிறது. ஆனால் நான் எழுதப்போவது என் கடையில் சேலை எடுத்துப் போடும் சௌந்தரத்தைப் பற்றி.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் தேவநாதன், திருவந்திபுரத்துப் பெருமாள் பெயர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பதினான்கு வயதில் சைக்கிள் கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பண்ருட்டி வரைக்கும் மிதித்தவன். இன்றைக்குத் திருப்பாதிரிப்புலியூரில் மூன்று மாடிக் கடை. எவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை, நானாக எழுந்தேன். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஒரே ஒரு தடவை மட்டும் சறுக்கினேன். அப்போது கை கொடுத்தவள் சௌந்தரம். எழுத்தில் பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை கிடையாது.

சௌந்தரம் சிதம்பரத்துப் பெண். அப்பா கீழவீதியில் பூக்கட்டி விற்றவர். பிளஸ் டூ முடித்தவளுக்குத் தையல் மெஷினும் தெரியும். கணவன் ராமாமிர்தம் லோடு ஆட்டோ ஓட்டுபவன். ஒரே மகள் கனிமொழி, நர்சிங் படிக்கிறாள். பதினோரு வருஷமாகத் தினமும் காலைப் பாசஞ்சர் வண்டியில் சிதம்பரத்தில் ஏறி, பரங்கிப்பேட்டை, ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டி என் கடைக்கு வந்து போகிறாள்.

எங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாருக்கும் ஒரே யூனிபார்ம் சேலை. காப்பித்தூள் நிறம், சின்ன பார்டர். அந்தச் சேலையைப் பன்னிரண்டு பேர் கட்டியிருப்பார்கள். வருகிற வாடிக்கையாளர் மட்டும் சௌந்தரத்தின் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இது எந்த ரேக்குல இருக்கு?" என்று கேட்பார்கள். விற்பனைக்கு இல்லையென்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அவள் கொசுவத்தை மடிக்கிற விதம், ஜாக்கெட் கையை ஒரு விரல்கடை நீட்டித் தைத்த விதம், கழுத்தில் ஒன்றும் போடாமல் காதில் மட்டும் பெரிய ஜிமிக்கி. எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"டிவியிலதான் மொதலாளி. சத்தத்த நிறுத்திட்டுப் பாப்பேன்."

"சத்தமில்லாம எப்படிம்மா கதை புரியும்?"

"கதை யாருக்கு வேணும்? அழுவுறது, அடிக்கிறது, விஷம் வெக்கிறது, எல்லாத்துலயும் ஒண்ணுதான். நான் துணியத்தான் பாக்குறேன்."

இந்தப் பதிலை அன்றைக்கே நான் மனதில் வாங்கியிருந்தால் பின்னால் அவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆடி முடிகிற சமயம், தீபாவளிக் கொள்முதலுக்குச் சூரத் போயிருந்தேன். கொள்முதலுக்கு எப்போதும் நான் தனியாகத்தான் போவேன். சரக்கைத் தொட்டால் போதும், விலையும் ஆயுசும் சொல்லிவிடுவேன். சேலைக்கு சீரியல் பெயரும் சினிமாப் பெயரும் வைத்து விற்பது நம் தொழிலில் எல்லாரும் அறிந்தது. அந்த வருஷம் ஏழரை மணி நாடகம் ஒன்று தமிழ்நாட்டையே கட்டிப்போட்டிருந்தது. நான் நாடகம் பார்ப்பதில்லை, அதற்கு எனக்கு ஏது நேரம்? சூரத் வியாபாரி அந்த நாடகத்துப் பெண்கள் படத்தை வரிசையாக மாட்டி வைத்திருந்தார். ஒருத்தி வெளிறிய பருத்திச் சேலையில் கண் கலங்கி நின்றாள். இன்னொருத்தி மயில் கழுத்து நிறத்தில், செம்பு ஜரிகை பார்டரில், நெற்றியில் நீளப் பொட்டோடு ராணி மாதிரி நின்றாள்.

என் காலத்து சினிமாவில் நல்ல சேலை யாருக்கு? கதாநாயகிக்கு. அதனால் ராணியைக் கை காட்டி, "இதையே போடுங்க, மொத்தமா" என்றேன். ஒவ்வொரு சேலை கவரிலும் அவள் முகத்தை ஒட்டி அனுப்பச் சொன்னதும் நான்தான்.

பார்சல் வந்த அன்று கடையில் நல்ல கூட்டம். கல்யாணத்துக்கு எடுக்க ஒரு பெரிய குடும்பமே உட்கார்ந்திருந்தது. நானே பெருமையாக முதல் கட்டைப் பிரித்தேன். சௌந்தரம் எட்டிப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"ஐயோ மொதலாளி, இது இந்திரசேனா சேலையில்ல? வில்லி!"

மணப்பெண்ணின் அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஆமாம்மா, அவளேதான்! மாமனாருக்குப் பால்ல மருந்து கலந்தாளே! இதக் கட்டிக்கிட்டு எம்பொண்ணு மாப்ள வீட்டுக்குப் போனா, கால வெக்கிறப்பவே குடும்பத்தப் பிரிக்க வந்தவன்னு சொல்லமாட்டாங்க?"

வீட்டில் என் மனைவி புஷ்பவள்ளியும் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதையேதான் சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்பல்லாம் நல்லவளுக்கு அழுவத்தான் நேரம். சோக்கா கட்டுறது பூரா கெட்டவதான்."

நாற்பத்தேழு வருஷம் சேலை விற்றவனுக்கு இது தெரியாமல் போய்விட்டது.

கவரில் இருந்த முகத்தைக் கிழித்து எடுக்கச் சொன்னேன். பிரயோசனம் இல்லை. அந்த நிறத்தையும் பார்டரையும் தூரத்தில் பார்த்தே கண்டுபிடித்தார்கள். வளைகாப்புக்கு எடுக்க வந்தவர்கள் அந்த அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. வடக்குச் சுவர் முழுக்க மயில் கழுத்து நிறம் அப்படியே நின்றது.

என் கோபமெல்லாம் சௌந்தரத்தின் மேல் திரும்பியது. தப்பு என்னுடையது என்று தெரிந்தபோது பக்கத்தில் நிற்பவர் மேல் பாய்வது மனுஷ சுபாவம். எனக்கும் அது உண்டு.

"கூட்டத்துக்கு நடுவுல வில்லின்னு கத்தினது நீதானே? நீயே வித்துக் குடு. ஆயுத பூசைக்குள்ள அந்த அலமாரி காலியாகணும். இல்லன்னா சிதம்பரத்துலயே வேற கடை பாத்துக்க."

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ராமாமிர்தம் வண்டியோடு பள்ளத்தில் கவிழ்ந்து கால் எலும்பு முறிந்து எட்டு மாதமாக வீட்டில் கிடந்தான். கனிமொழியின் படிப்பும் வீட்டுச் சாப்பாடும் இவள் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் அதைச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு சேலையை எடுத்து உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லது கெட்டதுக்கு எடுக்க வர்றவங்க இத வாங்கமாட்டாங்க மொதலாளி. வேலைக்குப் போற பொம்பளைங்க வாங்குவாங்க. எனக்கு ஒண்ணு குடுங்க, நான் ரயில்ல கட்டிக்கிட்டு வர்றேன். கடைக்கு வந்ததும் யூனிபார்ம் மாத்திக்கிறேன்."

கடைச் சரக்கை வேலையாள் கட்டுவது எங்கள் கடையில் கிடையவே கிடையாது. ஆனாலும் கொடுத்தேன். வேறு வழியில்லை என்பதுதான் உண்மை.

சேலையோடு ஒட்டி வந்த ஜாக்கெட் துணி பளபளவென்று கல் வைத்தது. நாடகத்தில் வில்லி போடுவது அதைத்தான். சௌந்தரம் அதைத் தொடவே இல்லை. கடுகு மஞ்சளில் சாதாப் பருத்தித் துணி வாங்கி, கழுத்தை அகலமாக ஏற்றி, கையை முழங்கை வரை இறக்கித் தானே தைத்தாள். நீளப் பொட்டுக்குப் பதில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. கையில் கனிமொழியின் பட்டைக் கடிகாரம். வில்லியிடமிருந்து சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவளிடமே விட்டுவிட்டாள்.

அந்த வண்டியில் சீசன் டிக்கெட் பெண்கள் ஒரு கூட்டமாகப் போவார்கள். ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கடலூரில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஜான்சி என்று ஒரு பெண், அரசு ஆபீஸில் கிளார்க். வாய் என்றால் வாய். மறுநாள் நடந்ததைப் பின்னால் ஜான்சியே என் கடையில் உட்கார்ந்து நடித்துக் காட்டினாள்.

சௌந்தரம் பெட்டியில் ஏறியதும் ஜான்சி எழுந்து நின்றாளாம். "யாரு இது, இந்திரசேனாவா? எந்திரிங்கடி எல்லாரும், சொத்த எழுதி வாங்கிக்கப் போறா! டிபன் பாக்ஸ மூடி வெச்சுக்கங்க, மருந்து கலந்துடுவா!"

பெட்டியே சிரித்திருக்கிறது. இந்த இடத்தில்தான் சௌந்தரத்தின் வேலை போகவேண்டியது. கூனிக் குறுகி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் அத்தோடு முடிந்தது. அவள் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். முந்தானையை எடுத்து முன்னால் விட்டாள்.

"ஜன்னல் சீட்டு எனக்கு. நவுரு."

ஜான்சி நகர்ந்து இடம் விட்டிருக்கிறாள். கிள்ளை தாண்டும்போது பார்டரைத் தடவிப் பார்த்தாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் மனதைத் திறந்துவிட்டாள்.

"நெசமாவே நல்லாதாங்க்கா இருக்கு. அந்தக் கதாநாயகி சேலய நம்ம தெனம் கட்டிக்கிட்டுதான் இருக்கோம். வீட்டுலயும் திட்டு, ஆபீசுலயும் திட்டு, ரெண்டுக்கும் சேத்து அதுலதான் மூக்கத் தொடச்சிக்கிறோம். ஒருநாளாவது இவள மாரி விறைப்பாப் போனா என்னா?"

"ஆயுத பூசைக்குப் போவோம். எல்லாரும்," என்றாள் சௌந்தரம்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஆயுத பூசை லீவுக்கு முந்தின வேலை நாளில் இந்தப் பெண்கள் தாங்கள் போகும் பெட்டிக்கே பூசை போடுவார்கள். ஜன்னல் கம்பியில் மாவிலை, தோரணம், சீட்டுக்குச் சந்தனம் குங்குமம், எல்லாருக்கும் பொரிகடலை. எல்லாரும் ஒரே சேலை கட்டுவார்கள். ஜான்சி கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பொரி பங்கு போடுவது வருஷா வருஷம் அவள் வேலை. எந்தச் சேலை என்று முடிவு பண்ணுவதற்கு மட்டும் ஒரு மாதம் சண்டை நடக்கும். அந்த வருஷம் சண்டை ஆலப்பாக்கத்திலேயே முடிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து சாயங்கால ரயிலுக்கு முன்னால் நாலு பேர், ஐந்து பேராகக் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். சௌந்தரம் சும்மா விற்றுவிடவில்லை. ஒவ்வொருத்தியையும் நிற்கவைத்துப் பார்ப்பாள். "உன் நெறத்துக்குக் கடுகு மஞ்ச வேணாம், செங்கல் கலர்ல ஜாக்கெட் தெச்சுக்க. நீ குள்ளம், கொசுவத்த அகலமா மடிக்காத." தையல்காரியிடம் சொல்லவேண்டிய அளவைத் துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுப்பாள். கேஷ் மேசையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சேலை விற்றவன். அதைக் கட்டப்போகிறவளை இப்படி நிறுத்தி வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

பூசை அன்று காலை, வாக்கிங் போவதுபோல ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்து நின்றது. ஒரு பெட்டி முழுக்கத் தோரணம். அதிலிருந்து மயில் கழுத்து நிறம் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. ஒல்லியானவள், பருத்தவள், ரிட்டயர் ஆகப்போகிறவள், வயிற்றுப் பிள்ளைக்காரி எல்லாரும் இருந்தார்கள். ஜாக்கெட் மட்டும் ஆளுக்கொரு நிறம். சேலை ஒன்றுதான், ஆனால் ஒருத்தி மாதிரி இன்னொருத்தி இல்லை. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். டிக்கெட் பரிசோதகரே செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். ஜான்சி என்னைப் பார்த்துவிட்டாள்.

"மொதலாளி, சேல பாக்க வந்தீங்களா, இல்ல ஆளுங்கள எண்ண வந்தீங்களா?"

பொரியை என் கையில் கொட்டினாள். நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் படம் எல்லார் செல்போனிலும் சுற்றியது. அன்று பொழுது சாய்வதற்குள் வடக்குச் சுவர் அலமாரியில் பலகைதான் தெரிந்தது. நெய்வேலியிலிருந்து, விருத்தாசலத்திலிருந்தெல்லாம் கேட்டார்கள். தீபாவளிக்கு மறுபடி பார்சல் போட வேண்டியதாயிற்று.

கடை சாத்தும் முன் சௌந்தரத்தைக் கூப்பிட்டேன். ராமாமிர்தத்தின் கால் விஷயம் அதற்குள் மற்றப் பெண்கள் மூலம் என் காதுக்கு வந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் எனக்கு. "வீட்டு நிலமய ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றுதான் கேட்க வந்தது.

"சொன்னா பாவப்பட்டு வெச்சிருப்பீங்க மொதலாளி. எனக்கு வேல தெரியும்னு வெச்சிருக்கணும்."

"இனிமே உன்ன யாரு போகச் சொல்லப்போறா?"

"அது பத்தாது," என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தரம் நீங்க படத்தப் பாத்து வாங்கிட்டு வந்து, அதுக்கு என் வேல போகக்கூடாது. அடுத்த கொள்முதலுக்கு நானும் வர்றேன்."

என் கடையில் என்னிடம் இப்படிப் பேசியவர் யாரும் இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. புஷ்பவள்ளியையும் கூட்டிக்கொண்டு பொங்கல் சரக்குக்கு மூன்று பேருமாக ரயில் ஏறினோம். ராமாமிர்தம் கைத்தடி ஊன்றி ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பினான். ரயிலில் வைத்து அவளுக்கு நன்றி சொன்னேன். ஒரு பாலம் கடகடத்த நேரம் பார்த்துச் சொன்னதால் அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. அதனால்தான் இப்போது அச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

சூரத்தில் அதே வியாபாரி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சேலைகளை என் முன்னால் விரித்தார். சௌந்தரம் ஒவ்வொரு கவரிலும் இருந்த முகத்தை உள்ளங்கையால் மறைத்து, துணியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏழு தள்ளினாள், ஒன்றை எடுத்தாள். மறுபடி ஐந்து தள்ளினாள். வியாபாரி குழம்பிப்போய் என்னிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் யார் இது என்று கேட்டார்.

"வாங்குறவங்க அவுங்கதான். நான் கூட வந்தவன்," என்றேன்.

புஷ்பவள்ளி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.