ஒரு சைஸ் பெரிய மாஸ்க்

மழைக்காலத்துல தோல் பூஞ்சை பிடிச்சா ஒரு வாசம் வரும் பாருங்க… அதுதான் எங்க கடை வாசம்.

நம்ம பழைய ரங்கூன் கூட்டாளிகள் சுத்துக்கு விடுற இந்த நோட்டுல எல்லாரும் டிராம் பத்தியும் காலையில சாப்பிட்ட மொஹிங்கா பத்தியும் எழுதித் தீர்த்துட்டீங்க. நான் இதை எழுதுறேன். இதுவரைக்கும் யார்கிட்டேயும் சொன்னதில்லை.

ஜப்பான் சண்டைக்கு ரொம்ப முன்னாடி, இருபதுகள்ல. சூலே பகோடா ரோட்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில நான் சேல்ஸ்மேன். வயசு இருபத்திரண்டு. உலகமே தெரியும்னு நினைப்பு.

அந்த வருஷம் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடம் ஒண்ணுல பேஸ்பால் ஆரம்பிச்சாங்க. கிரிக்கெட்டுக்குப் பங்காளி மாதிரி ஒரு ஆட்டம். மட்டை பிடிக்கிறவனுக்குப் பின்னாடி குந்தி உக்காந்து பந்து பிடிக்கிற பையனுக்கு கேட்சர்னு பேரு. மட்டையில உரசின பந்து நேரா அவன் மூஞ்சிக்குத்தான் வரும். அதனால கம்பி போட்ட மாஸ்க், நெஞ்சுக்கு மெத்தை, கைக்கு கனமான கிளவுஸ்.

அளவு பார்க்கிற விதத்தை அந்தப் பள்ளிக்கூடத்து துரை எனக்குக் காட்டினாரு. மாஸ்க்கை மாட்டி, பையனைக் கண்ணை மூடச் சொல்லி, கம்பியில விரல் முட்டியால தட்டணும். "எங்க படுது?"ன்னு கேக்கணும். நெத்தி, தாடைன்னு சொன்னா சரி. மூக்குன்னு சொன்னா வேற எடுக்கணும். அப்புறம் அண்ணாந்து பார்க்கச் சொல்லணும். கழுத்து வெளியே தெரியக் கூடாது.

ஒரு நாள் மத்தியானம், கொட்டுற மழையில, அலோன் துறைமுகத்து வீராசாமி மேஸ்திரி வந்தாரு. கூட அவர் சம்சாரம் மா தின், பர்மாக்காரம்மா. மகன் தங்கராசுக்குப் பதினோரு வயசு. மேஸ்திரி குரல் தெரியுமில்ல? அவர் அலோன்ல நின்னு கத்தினா ஆத்துக்கு அக்கரையில, டாலாவுல படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான்னு சொல்வாங்க.

பெரிய மாஸ்க்கைத்தான் முதல்ல மாட்டினேன். கண்ணை மூடிக்கிட்டான். நெத்திக் கம்பியில தட்டினேன்.

"எங்கப்பா படுது?"

"தொண்டையில, சயா." அம்மா பாஷையில ஐயான்னு கூப்பிட்டான்.

கன்னத்துப் பக்கம் தட்டினேன். "தொண்டையில." தாடையில தட்டினேன். "தொண்டையில, சயா… வலிக்குது."

நான் தொண்டைப் பக்கமே போகலை.

சின்ன மாஸ்க்கை மாட்டித் தட்டினேன். "நெத்தியில"ன்னான், பளிச்சுன்னு. அண்ணாந்தான். கழுத்து பத்திரமா உள்ளே இருந்துச்சு.

"இதுதான் சரிங்கண்ணே"ன்னேன்.

மேஸ்திரி சிரிச்சாரு. "வளர்ற புள்ள தம்பி. சட்டையோ செருப்போ, ஒரு சைஸ் பெருசாத்தான் எடுப்போம். அதையே கட்டு."

"இது சட்டை இல்லைங்கண்ணே. அண்ணாந்தா மேல ஏறிக்குது, கழுத்து தெரியுது…"

"அடுத்த வருஷம் வந்து நீயா வேற குடுப்ப?"

மா தின் மட்டும் பெரிய மாஸ்க்கைக் கையில வாங்கி, உள்ளே ஒரு தடவை பார்த்துட்டு, "இதுல மகன் மூஞ்சி தெரியல்லே"ன்னு மெதுவா சொல்லிச்சு. யாரும் காதுல போட்டுக்கலை. நானும்தான். பெருசையே காகிதத்துல சுத்திக் கட்டிக் கொடுத்தேன். அதை நினைச்சா இன்னிக்கும் வெட்கமா இருக்கு.

அதுக்கப்புறம் ஆணியில தொங்கின சின்ன மாஸ்க்கைத் தூசி துடைக்கும்போதெல்லாம் விரல் தானா கம்பியைத் தட்டும். தட்டினா, எனக்குத் தொண்டை அடைக்கும். பேய் பிசாசுன்னு யாராவது பேசினா கேலி பண்ற ஆளு நான்… தண்ணி குடிச்சுக் குடிச்சு சமாளிச்சேன்.

மழை விட்டு முதல் மேட்ச். சனிக்கிழமை மத்தியானம், பட்டப்பகல், நல்ல வெயில். என்னால கடையில நிக்க முடியலை. முதலாளிகிட்டக் கூட சொல்லாம சின்ன மாஸ்க்கை எடுத்துக்கிட்டு டிராம் ஏறிட்டேன்.

நான் போனப்போ ஆட்டம் ஆரம்பிக்கலை. நேரா பையன்கிட்ட போய் நீட்டினேன். அவன் கேள்வியே கேக்காம மாத்திக்கிட்டான். எனக்காகக் காத்துக்கிட்டு இருந்த மாதிரி.

மேஸ்திரி கோவிச்சுக்கலை. "சேல்ஸ்மேன் தம்பிக்கு மனசு கேக்கலையாக்கும்!"னு சொல்லி, பெருசைத் தன் மூஞ்சியில மாட்டிக்கிட்டு, சின்னப் பசங்க முன்னாடி போய் புலி மாதிரி உறுமினாரு. பசங்க சிரிச்சு உருண்டாங்க.

நாலாவது பந்தோ அஞ்சாவது பந்தோ. மட்டையில உரசி, கீழேயிருந்து மேலே விர்ருன்னு வந்து, தங்கராசு தாடைக்குக் கீழே இருந்த கம்பியில அடிச்சுது. டங்குன்னு சத்தம். மல்லாக்க விழுந்தான்.

ஓடிப் போய்த் தூக்கினேன். மாஸ்க்கைக் கழட்டினா கம்பி உள்ளே வளைஞ்சிருக்கு. கழுத்துல ஒரு கீறல் இல்லை.

"எங்கப்பா பட்டுது?"

"எங்கயும் படலியே, சயா."

அப்போதான் பசங்க சிரிப்பு நின்னுபோனது தெரிஞ்சுது. திரும்பிப் பார்த்தேன். முப்பது அடி தள்ளி மேஸ்திரி முட்டி போட்டு உக்காந்திருந்தாரு. மூஞ்சியில இன்னும் அந்தப் பெரிய மாஸ்க். ரெண்டு கையும் தொண்டையில. அவர் பக்கம் ஒரு பந்தும் போகலை, சத்தியமா போகலை.

டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமே இல்லைன்னாரு. குரல் மட்டும் திரும்பி வரலை.

பத்து நாள் கழிச்சு கடைக்கு வந்தாரு. காகிதத்துல சுத்தின பெரிய மாஸ்க்கை மேஜை மேல வச்சாரு. நான் காதைக் கிட்டக் கொண்டு போகவேண்டியிருந்தது.

"சின்னதே… இருக்கட்டும் தம்பி."

அவ்வளவுதான். டாலாப் படகுக்காரன் அதுக்கப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இப்போ மெட்ராஸ்ல கடையெல்லாம் கண்ணாடியும் ஃபேனுமா இருக்கு. யாரும் தட்டிப் பார்க்கிறதில்லை. போன வாரம் பேரனுக்குக் காலுல கட்டுற விக்கெட் கீப்பர் பேட் வாங்கப் போனோம். "ஒரு சைஸ் பெருசாவே குடுங்க, வளர்ற பையன்"னான் என் மகன். நடுக்கடையில சண்டை போட்டு சின்னதை வாங்க வச்சேன். கிழவனுக்குப் பிடிவாதம்னு எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

பேரன் காலை நீட்டி, "சரியா இருக்கா தாத்தா, தட்டிப் பாருங்க"ன்னான்.

குனிஞ்சேன். விரலை மடக்கினேன்…

தட்டலை. அவன் என்ன பதில் சொல்வான்னு கேக்குற தைரியம் எனக்கு இன்னும் வரலை.