பௌத்திரம் என்று அப்பா சொல்லவில்லை

என் கல்யாணத்தன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டவில்லை. கறுப்புப் பேண்ட் போட்டுக்கொண்டு, திருமயத்து மண்டபத்தில் சுவரோரமாக நின்றார். சம்பந்தி வீட்டார் பந்திக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். “நீங்க சாப்பிடுங்க, நான் பெறகு பாத்துக்கிறேன்” என்றார். கடைசிவரை உட்காரவே இல்லை.

நாங்கள் விவசாயக் குடும்பம்; அப்பா மட்டும் பஸ் டிரைவராக இருந்தவர். என் கணவர் கடற்கரைக்காரர்; ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி மெக்கானிக். வேறு வேறு சாதி. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு என்னைத் தனியாக வளர்த்த அப்பா, இந்தக் கல்யாணத்துக்கு ஒரு சண்டையும் போடாமல்தான் சம்மதித்தார். ஆனாலும் அந்தப் பேண்ட்டையும் உட்காராமல் நின்றதையும் சொந்தக்காரர்கள் விடவில்லை. “மனசு ஒப்பல, வேற என்ன” என்று பேசிக்கொண்டார்கள்.

என் கணவர் அதை நம்பவில்லை, முதலில். அப்பா எங்களைப் பார்க்க வருகிறார் என்றதும் அறந்தாங்கிக்குப் போய்ப் புது மெத்தை நாற்காலி ஒன்று வாங்கி வந்தார். அப்பா பலகாரப் பையோடு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு டீ குடித்தார்.

“உக்காருங்க மாமா.”

“இருக்கட்டும் மாப்ள. காலமெல்லாம் உக்காந்தே பஸ் ஓட்டுனவன். நின்னாத்தான் நல்லா இருக்கு.”

சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார். அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த என் கணவர், “நம்ம வீட்டு நாற்காலில உக்காந்தா ஒட்டிக்கும்னு நெனைக்கிறாரு போல” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு நாற்காலியைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அப்பா வரும் நாட்களில் என் கணவருக்குக் கம்பெனியில் ஏதாவது வேலை இருக்கும். நான் நடுவில் கிடந்து தவித்தேன். அப்பாவிடம் கேட்கவும் பயம். “ஆமா, எனக்குப் பிடிக்கல” என்று சொல்லிவிட்டால்?

போன வருஷம் ஒரு காலையில் கம்பெனியில் கம்ப்ரசர் மெஷின் பக்கத்திலேயே என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா ஓடி வந்தார். வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டார். “எம்மவன் செத்த வீட்லகூட உக்கார மாட்டீங்களாய்யா?” என்று கத்தினார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார்.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிப்புச் சடங்கு முடிவதற்குள் அப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. நடக்க முடியாமல் விழுந்துவிட்டார். என் கொழுந்தன்தான் வேன் பிடித்து எங்களைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வேன் சீட்டில் அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். பின்பக்கம் கைலி சீழும் ரத்தமுமாக நனைந்திருந்தது.

பரிசோதித்த டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். “பௌத்திரம்மா. ஆசனவாய்க்குள்ள இருக்குற சின்னச் சுரப்பியில சீழ் புடிச்சு, வெளிய வர்றதுக்குத் தோலுக்கு அடியில ஒரு வழி பண்ணிக்கும். வெளிய உள்ள வாய் அப்பப்ப மூடும். உள்ள இருக்குற வழி மூடாது. அதான் வத்தி வத்தித் திரும்ப வருது. களிம்பு தடவுனா இது ஆறாது.” அப்பாவைப் பார்த்து, “எவ்வளவு காலமா இருக்குங்கய்யா?” என்றார்.

அப்பா சுவரைப் பார்த்தபடி, “இவ கல்யாணத்துக்கு முந்தியே” என்றார்.

கறுப்புப் பேண்ட்டில் கறை தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கே கீறிச் சீழை எடுத்தார்கள். பிறகு ஸ்கேன் பார்த்து, வழி தசைக்குள்ளே ஓடுவதால் ஒரேயடியாக வெட்டினால் மலத்தை அடக்க முடியாமல் போகலாம் என்று, முதலில் சீழ் தேங்காமல் வடிவதற்காக அதற்குள் ஒரு நூலைக் கோத்துக் கட்டினார்கள். வார்டில் அப்பா பக்கத்தில் நான் நின்றேன்.

“ஏம்ப்பா சொல்லல?”

“பொம்பளப் புள்ளகிட்ட எப்புடித்தா சொல்றது? ஒங்க அம்மா இருந்தா சொல்லியிருப்பேன். பஸ் ஸ்டாண்டுல போர்டு பாத்து ஒருத்தன்கிட்ட மருந்து வாங்கிப் போட்டேன். கேக்கல.”

“அவருகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“மாப்ள ஆசையா வாங்குன புது நாற்காலி. அதுல கறை பட்டா ஒனக்குல்ல அசிங்கம்.” என் பக்கம் திரும்பினார். “மாப்ளைக்கு எம்மேல வருத்தம் எதுவும் இருந்துச்சா ஆத்தா?”

“இல்லப்பா” என்றேன்.

அப்பா நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து வழிந்தது.

அவரை என்னோடு வைத்துக்கொண்டேன். மலம் கழித்த பிறகெல்லாம் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உட்கார வைத்தேன். முதலில் வெட்கப்பட்டவர், பிறகு “தண்ணி ஆறிருச்சுத்தா” என்று அவரே குரல் கொடுப்பார். மாதக்கணக்கில் போய்வந்து, இன்னொரு ஆபரேஷனும் செய்து, ஒருவழியாகப் புண் ஆறியது.

அதன் பிறகுதான் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகன் படத்தைப் பார்த்தார்.

“பாவி மனுசன்” என்றார். “எம்மவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவனே தூக்கிட்டுப் போயிக் காட்டியிருப்பானே.”

காட்டியிருப்பார். தன் அப்பாவைக் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டித் துடைத்துவிட்டதே அவர்தான்.