இல்லாத ஆறாம் அத்தியாயம்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருச்சிக் கல்லூரி ஒன்றில் நான் மொழியியல் ஆய்வு மாணவி. என் நெறியாளர் என்னைவிட ஆறேழு வயதே மூத்தவர். தமிழ் வாக்கியங்கள் அனைத்தையும் முப்பது விதிகளில் அடக்கிவிடலாம் என்று நம்பியவர். அவ்விதிகளைக் கணிப்பொறியில் இட்டுச் சரிபார்ப்பது என் வேலை.

வாரம் ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையம் வந்து, பஸ் மாறி, கணிப்பொறி இருந்த பொறியியல் கல்லூரிக்குப் போவேன். விதிகளையும் ஒரு வாக்கியத்தையும் துளையட்டைகளில் கொடுத்தால், எந்தச் சொல் எதனோடு சேரும் என்று இயந்திரம் ஒவ்வொரு வழியாகத் தேடும். ஐந்து சொல் வாக்கியத்துக்குச் சில நொடிகளில் விடை வந்தது. பதினெட்டுச் சொல் வாக்கியத்தைக் காலையில் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்கு இயந்திரத்தை நிறுத்தும்வரை அது தேடிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே.

வீட்டில் உட்கார்ந்து கையாலேயே எண்ணிப் பார்த்தேன். ஒரு சொல் கூடினால் தேடல் இரட்டிப்பாகிறது. விதிகளில் பிழையில்லை, ஆனால் அவற்றைக் கொண்டு நீண்ட வாக்கியங்களைப் பிரித்தறிய எந்த இயந்திரத்துக்கும் காலம் போதாது. அதை ஆறாம் அத்தியாயமாக எழுதினேன். இருபத்திரண்டு பக்கம். ஆய்வேட்டில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

நெறியாளர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மெஷின் ஸ்லோம்மா. அதுக்கு என் விதிய ஏன் குத்தம் சொல்றீங்க? இந்த அத்தியாயத்த நீக்கிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்.”

எட்டு மடங்கு வேகமான இயந்திரம் வந்தாலும் மூன்று சொல்தான் கூடுதலாகத் தாங்கும் என்றேன். அவர் பேனாவை மூடினார். அத்தியாயத்தை நீக்கிவிட்டேன். பட்டம் கிடைத்தது, அவருடைய துறையிலேயே வேலையும்.

சில ஆண்டுகளில் புதிய இயந்திரம் வந்தது. என் பழைய பதினெட்டுச் சொல் வாக்கியத்தை அவரே எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் தேநீர் வேளையில், எல்லார் முன்னிலையிலும் அச்சுத்தாளை என் மேசைமேல் விரித்தார்.

“பாத்தீங்களா, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுச்சு. இந்த அம்மாவுக்குத்தான் அப்போ பொறுமையில்ல.”

“இன்னும் நாலு வார்த்தை சேத்துப் பாருங்க சார்.”

“அவ்வளவு நீளமா யாரும்மா பேசறாங்க? உங்க ஸ்ரீரங்கத்துலயா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரைக்கூட மன்னித்துவிட்டேன், என் அப்பா இறந்தபோது மூன்று நாளும் வந்து நின்றவர் அவர். என்னுடைய அந்தச் சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஆய்வேடு இன்றும் நூலகத்தில் இருக்கிறது. ஐந்தே அத்தியாயங்கள். எண்பத்து நான்காம் பக்கத்து அடிக்குறிப்பு ஒன்றை நீக்க மறந்திருக்கிறேன்: ‘இதன் வரம்புக்கு ஆறாம் அத்தியாயம் காண்க.’ வாய்மொழித் தேர்விலும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்த அத்தியாயம் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை.