ஐந்து மணிக் காப்பு

என் சித்தியைக் கெடுத்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவிதான் என்பது அம்மாவின் தீர்ப்பு. நான் அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மில்லிக்கனில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில், அம்மாவின் கலியாணமாகாத தங்கையான சித்தி இருந்தார். மருந்துப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டும் வேலை. அங்கே கூட வேலை செய்த கிழவி ஏதோ பழைய ஐரோப்பிய ஞான வழியில் போகிறவர். மனத்தை வளர்க்கும் பயிற்சிகள் என்று சில போட்டோக்கொப்பித் தாள்களைச் சித்திக்குக் கொடுத்திருந்தார். ஐந்து நிமிடம் ஒரு குண்டூசியை மட்டுமே நினைத்திருப்பது ஒன்று. நானும் முயன்றேன். அரை நிமிடத்தில் மனம் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு ஓடிவிட்டது.

சித்திக்குப் பிடித்தது வேறொன்று. யாரும் சொல்லாத, யாருக்கும் உதவாத ஒரு சின்னச் செயலை நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். சித்தி மாலை ஐந்து மணிக்குத் தன் ஒற்றைக் காப்பைக் கழற்றி மற்றக் கையில் போடுவார். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "குமர்ப்பிள்ளை வெறுங்கையோட நிக்கிறதே? தாலி அறுத்தவள்தான் காப்புக் கழட்டுறது!"

"மற்றதெல்லாம் நீங்கள் சொல்லித்தானே அக்கா செய்யிறன். இதை மட்டும் நான் சொல்லி நான் செய்யிறன்."

ஒன்பது வயதில் இதைவிட வீரமான பேச்சை நான் கேட்டதில்லை. அன்று முதல் நான் சித்தியின் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மோர்னிங்சைடிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று மணி என்றவர்கள், நம் ஆட்களல்லவா, நாலரைக்கு வந்தார்கள். அதற்குள் அம்மா கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பிவிட்டார். சேலைக்குப் பொருந்தாது என்று சித்தியின் கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். என் பிளாஸ்டிக் கடிகாரத்தை மட்டும் மறந்துவிட்டார்.

சித்தி தேநீர் கொடுத்துவிட்டு மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார். இருவரும் ஒருமுறை பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சித்தி, அஞ்சு மணி!"

"உவளின்ர மணிக்கூடு பழுது," என்று அம்மா சிரித்தார்.

சித்தி சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காப்பைக் கழற்றத் தொடங்கினார். அது விரல் மொளியில் இறுகி, மெல்லத்தான் கழன்றது. ஒரு கணம் இரண்டு கையும் வெறுங்கை. மாப்பிள்ளையின் தாய் தேநீரை வாயில் வைக்காமலே கீழே வைத்தார். பத்து நிமிடத்தில் வாசலில் தங்கள் சப்பாத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எனக்குக் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"அடியுங்கோ. எண்டாலும் அப்ப அஞ்சு மணிதான்!" என்றேன். அழவேயில்லை.

பிறகு சித்தியிடம் ஓடினேன். கட்டிப்பிடித்துப் பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் சேலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் காப்பைக் கழட்டேக்கயும் அவர் சிரிச்சவரோ?"

"ஆர்?"

"அவர்தான், அந்த மாப்பிள்ளை."

"இல்லை," என்றேன் பெருமையோடு. உண்மையில் அப்போது நான் அவரைப் பார்க்கவே இல்லை. தோற்றுப்போன அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வடிவாப் பாத்தனியோ?" என்று சித்தி மறுபடியும் கேட்டார். வென்ற பிறகும் இவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.